வீட்டுக் குளத்துக் களை: பிடுங்கப் பிடுங்க ஏன் வருகிறது?

மலையகத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருப்பது புதிய விஷயமில்லை. பீலியிலிருந்து (ஊற்று நீர் வரும் குழாய்) வழிந்து தேங்கிய பள்ளத்தை வெட்டி ஆழமாக்கியது, மரக்கறிப் பாத்திக்கு இறைக்கத் தோண்டியது, நாலு திலாப்பியா விட்டுப் பார்க்கலாம் என்று அணை போட்டது என அதற்குப் பல பிறப்புகள். எப்படிப் பிறந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் மேலே பச்சைப் பாய் விரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு இறங்கி வாரிக் கொட்டினால் அடுத்த மாதம் பழையபடி நிற்கும்.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கிளைபோசேட் களைநாசினிக்கு 2015 இல் இலங்கை முழுவதும் தடை வந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021 இல் இரசாயனப் பசளையோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியே நிறுத்தப்பட்டது, அந்தத் தடை அதே வருடம் நவம்பரில் விலக்கப்பட்டது. 2022 இல் கிளைபோசேட் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இத்தனை திருப்பத்துக்குப் பிறகு போத்தலைக் கடையில் பார்ப்பவர், "தேயிலை மலைக்கு அடிக்கலாம் என்றால் குளத்துக்கும் அடிக்கலாம்தானே?" என்று கேட்பது இயல்பு. அடிக்கக்கூடாது. ஏன் என்று விளங்க, களை எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தக் களை என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்

நீர்க்களை என்பது ஒரு செடியின் பெயரில்லை. வாழும் இடத்தை வைத்து நாலு கூட்டமாகப் பிரிக்கலாம்:

1. மண்ணில் வேர் பிடிக்காமல் மேலே மிதப்பவை: சல்வீனியா, ஆகாயத்தாமரை, கடுகளவு இலையுள்ள லெம்னா.
2. நீருக்குள்ளேயே மூழ்கி வளர்பவை: ஹைட்ரில்லா போன்றவை.
3. கரையிலோ ஆழமில்லாத ஓரத்திலோ வேர் ஊன்றித் தலையை வெளியே நீட்டுபவை: இஞ்சிப்புல், காட்டுச்சேம்பு முதலானவை.
4. அல்கா: இழையாகத் தொங்கும் பாசி, தண்ணீரையே பச்சையாக்கும் நுண்ணிய வகை.

பெயரை நம்பி ஏமாறவும் வாய்ப்புண்டு. உப்பிய காம்பும் ஊதாப் பூவும் உள்ள செடியை நாம் ஆகாயத்தாமரை என்கிறோம், மட்டக்களப்புப் பக்கம் அதே செடி ஆற்றுவாழை. குட்டிக் கோவா போல விரிந்து மிதக்கும் பிஸ்தியாவையும் சிலர் ஆகாயத்தாமரை என்றே அழைக்கிறார்கள். ஆகவே பெயரைக் கேட்பதை விட, அது எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்பதே பயன் தரும். அகற்றும் முறையைத் தீர்மானிப்பது அதுதான்.

சல்வீனியாவில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலையின் மேற்புறம் சொரசொரவென்று மயிர். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் நுனியில் பிரிந்து மறுபடி சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பியின் வடிவில் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் உருண்டோடும். கீழே பழுப்பாகத் தொங்குவதை வேர் என்று நினைப்போம், அதுவும் உருமாறிய இலைதான். இது பன்ன வகை, அதாவது பெரணி. பூவும் விதையும் இல்லை, இந்த இனத்தின் வித்திகளும் மலடு. உடைந்த துண்டிலிருந்து மட்டுமே பெருகும். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: சிறு குளத்திலிருந்து கடைசித் துண்டு வரை எடுத்துவிட்டால், வெளியிலிருந்து யாரும் கொண்டுவராத வரை அது திரும்பி வராது. சேற்றுக்குள் எதையும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் செடியில்லை அது.

ஆகாயத்தாமரை அப்படியில்லை. பக்கக்கன்று விட்டும் பெருகும், விதை போட்டும் பெருகும். விதை சேற்றுக்குள் ஏறத்தாழ இருபது வருடம் வரை உயிரோடு கிடக்கக்கூடியது. இன்று குளத்தைத் துடைத்து வைத்தாலும், வறட்சியில் சேறு வெளியே தெரிந்து பிறகு மழை விழுந்தால் புதுக் கன்று முளைக்கும். இதற்கு ஒரே பெரிய துப்புரவு போதாது. பூக்கும் முன்னே பிடுங்குவதை வருடக்கணக்கில் செய்ய வேண்டும்.

கரையில் பெரும்பாலும் வில்லன் இஞ்சிப்புல், சிங்களத்தில் எடோரா. தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மண்ணுக்கடியில் வெள்ளைத் தண்டு கணுக்கணுவாக ஓடும், ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. சுரண்டியால் சுரண்டினால் மேற்புறம் சுத்தமாகத் தெரியும், அடியில் ஒரு தண்டு பத்துத் துண்டாகியிருக்கும். பத்தும் முளைக்கும். முள்ளு (பற்கள் உள்ள மண்கிளறி) போட்டுக் கிளறி, தண்டை முழு நீளத்துக்கு உருவி எடுப்பதுதான் வழி.

கரையில் இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். பொன்னாங்கண்ணி என்று நாம் பறித்துச் சுண்டும் கீரைக்கு அச்சு அசலான ஒரு களை இருக்கிறது: அலிகேட்டர் களை, சிங்களத்தில் கிம்புல்வென்ன. அவுஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர் முகுணுவென்ன (பொன்னாங்கண்ணியின் சிங்களப் பெயர்) என்று நம்பி இதையே வீட்டில் நட்டு வளர்த்தது அங்கே பெரிய பிரச்சினையாகியிருக்கிறது. வேறுபாடு பூவில் தெரியும். பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். களையின் பூ நீளக் காம்பில் தனியாக எழும்பி நிற்கும், தண்டும் உள்ளே பொள்ளலாக இருக்கும். சந்தேகம் வந்தால் பூக்கும் வரை தொட்டியில் வைத்துப் பாருங்கள், குளக்கரையில் நடாதீர்கள்.

தண்ணீருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது

செடிக்கு வேண்டியது வெளிச்சம், நைதரசன், பொசுபரசு. இயற்கையான தண்ணீரில் பொசுபரசு மிகக் குறைவு, வளர்ச்சிக்குக் கடிவாளம் பெரும்பாலும் அதுதான். ஒரு கிராம் பொசுபரசு கூடுதலாக விழுந்தால் பல நூறு கிராம் ஈரப் பாசி வளர அது போதும். போசணை மிதமிஞ்சிச் சேர்ந்து நீர்நிலை இப்படிக் கொழுப்பதைத்தான் பாடப் புத்தகம் நற்போசணையாக்கம் என்கிறது. பெயரில் 'நல்' இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

சமவெளிக் குளத்துக்கும் மலைக் குளத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். நம் குளம் சரிவின் அடியில் வைத்த கிண்ணம். மேலே தேயிலை மலை, அதற்குக் கீழே லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), பிறகு மாட்டுக் கொட்டில், பிறகு லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்தி, எல்லாவற்றுக்கும் கீழே குளம். மேலே போடுவதில் செடி குடித்தது போக மிச்சம் மழையோடு கிண்ணத்துக்குள் இறங்குகிறது.

இறங்கும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. நைதரசன் தண்ணீரில் கரைந்து வரும், கண்ணுக்குத் தெரியாது. பொசுபரசின் பெரும்பகுதி மண் துகளில் ஒட்டிக்கொண்டு வரும். கனமழைக்குப் பிறகு கானில் (வடிகாலில்) செம்மண் கலங்கி ஓடுகிறதே, அந்தக் கலங்கலில்தான் களையின் சாப்பாடு இருக்கிறது. மண்ணை மறித்தால் பொசுபரசில் பெரும்பங்கை மறித்த மாதிரி.

பெரிய நீர்நிலைக்கே இந்தக் கணக்குத்தான். 1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்குரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை அல்கா பரந்து படர்ந்தது. மேலே மரக்கறியும் தேயிலையுமான மலைச்சரிவுகள். அவ்வளவு தண்ணீருக்கே அந்தக் கதி என்றால் பத்தடிக் குளம் எம்மாத்திரம்?

ஆகவே வேலை குளத்துக்கு மேலே தொடங்க வேண்டும்:

1. குளத்துக்கு மேல்பக்கம், சரிவுக்குக் குறுக்கே ஒரு கான் வெட்டி, மழைத்தண்ணீரைக் குளத்தைச் சுற்றிப் போக விடுங்கள். கானுக்குள் இடையிடையே குழியும் தடுப்பும் வைத்தால் மண் அங்கேயே படியும். தேயிலை மலையில் செய்வதுதான், அளவு சிறியது. குழியில் சேரும் மண்ணை மாதம் ஒரு முறை அள்ளிப் பாத்திக்கே போடலாம்.
2. சாணிக் குவியலை மழை படாமல் மூடுங்கள். கொட்டில் கழுவும் தண்ணீர் குளத்துக்கு வரவே கூடாது. என் கணிப்பில் பாதிப் பிரச்சினை இந்த ஒன்றில் இருக்கிறது, மாடு வைத்திருப்பவர்கள் இதைத்தான் கடைசியில் கவனிக்கிறார்கள்.
3. சட்டி கழுவும், துணி துவைக்கும் தண்ணீரை வாழை, சேம்பு நட்ட குழிக்குத் திருப்புங்கள்.
4. மீனுக்குப் பாணும் பழஞ்சோறும் அள்ளி வீசாதீர்கள். மீன் தின்னாத சாப்பாடு களைக்குத்தான் போகும்.

மேலேயிருக்கும் நிலம் உங்களுடையதாக இல்லாதபோது இது சிக்கலாகிறது. லயத்தில் இருப்பவருக்கு மலையில் என்ன பசளை, எப்போது மருந்து என்பதில் சொல்லே கிடையாது. குறைந்தது மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டு, அன்றைக்குக் கானின் வாயைக் குளத்துப் பக்கம் அடைத்து வைக்கலாம்.

பிடுங்குவதில் உள்ள கணக்கு

குளத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சல்வீனியாவை எடுத்துவிட்டோம் என்று வைப்போம். மிச்சம் ஐந்து. அது பத்தாகி, இருபதாகி, நாற்பதாகி, எண்பதாக நாலே இரட்டிப்புப் போதும். நல்ல வெப்பத்தில் சல்வீனியா இரண்டு மூன்று நாளில் இரட்டிக்கக்கூடியது. மலையகக் குளிரில் அதை விட மெதுவு. பத்து நாளுக்கு ஒரு தடவை என்று பிடித்தாலும் நாற்பது நாளில் பழைய நிலை. அந்த ஞாயிற்றுக்கிழமை உழைப்பு எங்கே போனது என்பதற்கு விடை இதுதான். பெரிய வேலை முதல் நாள் இல்லை, அடுத்த ஆறு வாரத்தில் வாரம் அரை மணித்தியாலம்.

வேலை முறை இப்படி இருக்கலாம்:

1. முதலில் தண்ணீர் வழிந்தோடும் வாயில் வலை கட்டுங்கள். துண்டுகள் கீழே போகக்கூடாது.
2. நீளமான மூங்கிலை நீர் மட்டத்தில் குறுக்கே பிடித்து, இரு கரையிலும் ஆளுக்கொருவராக மெதுவாக இழுத்து வாருங்கள். மிதப்பதெல்லாம் ஒரு மூலைக்கு வந்துவிடும்.
3. பழைய கொழுந்துக் கூடையால் அள்ளுங்கள். தண்ணீர் வடியும், களை நிற்கும். லெம்னாவுக்குக் கூடைக்குள் கொசுவலைத் துண்டு விரிக்க வேண்டும்.
4. கரையோரப் புல்லுக்கடியில் ஒளிந்திருக்கும் துண்டுகளைக் கையால் தேடி எடுங்கள். அடுத்த படை கிளம்புவது அங்கிருந்துதான்.

மிதப்பதை வாரி வெளியே எடுக்கும்போது எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது. மூழ்கி வளரும் களைக்கு அந்த அவசரம் கூடாது. பகலில் மீனுக்கு ஒட்சிசன் தருவதில் அதற்கும் பங்குண்டு, குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் அதுவே. மூன்றில் ஒரு பங்கு எடுத்து, பத்து நாள் விட்டு, அடுத்த பங்கு எடுங்கள்.

வாரியதை எங்கே போடுவது? ஆகாயத்தாமரையில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். நூறு கிலோ குவித்தால் காய்ந்த பிறகு ஐந்து கிலோ மிஞ்சும். குளத்துக்கு மேல்பக்கம் குவித்தால் அதன் சாறு, பொசுபரசோடு, திரும்பக் குளத்துக்கே வடியும். கீழ்ப்பக்கம் குவியுங்கள், ஆனால் அணையின் மேல் வேண்டாம். ஈரச் சுமை அணைக்குக் கெடுதல், எலியும் வளை போடும். நன்றாகக் காய்ந்த பிறகு சாணியோடு அடுக்கினால் கூட்டெரு. இஞ்சிப்புல் தண்டை மட்டும் கூட்டெருவில் சேர்க்காதீர்கள், வெயிலில் சருகாகும் வரை காயவைத்து எரித்துவிடுங்கள்.

இறங்கும்போது சப்பாத்தும் கையுறையும் வேண்டும். அட்டைக்காக மட்டுமில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்ன வெட்டுக்குள் போனாலே எலிக்காய்ச்சல் வரலாம். இறங்கிய சில நாளில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், குளத்தில் நின்ற விஷயத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கரையை மொட்டையடிக்க வேண்டாம்

களை கரையில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் செதுக்கினால் அடுத்த மழைக்குக் கரை சரிந்து உள்ளே வரும். சரிந்த மண்ணில் பொசுபரசு, ஆழம் குறைந்த இடத்தில் புதுக் களை. எடுக்கும் வேகத்திலேயே வேறொன்றை நட வேண்டும். மலைக்கு ஏற்றது வெட்டிவேர். வேர் நேர்கீழே இறங்கும், பக்கத்தில் ஓடிப் பரவாது. மேல்கரையில் நெருக்கமாக ஒரு வரிசை நட்டால் வரும் மண்ணையும் வடிகட்டும்.

ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்துவதும் உதவும், வேர் ஊன்றும் களைக்கு ஆழமில்லாத விளிம்புதான் பிறந்த வீடு. ஆனால் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீடாக இருந்தால் வேலி கட்டாமல் இதைச் செய்யாதீர்கள்.

மருந்து அடித்தால் என்ன ஆகும்

கிளைபோசேட் இலையில் பட்டு உள்ளிறங்கும் மருந்து. நீருக்குள் மூழ்கியிருக்கும் களைக்கும் அல்காவுக்கும் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மேலே மிதப்பதை அது கொல்லும், பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. செத்த செடி குளத்துக்குள்ளேயே கிடந்து அழுகும். அழுகவைக்கும் பற்றீரியா ஒட்சிசனைக் குடிக்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், சூரியன் ஏறும்போது வெள்ளை வயிற்றோடு மிதக்கும். குளிர்ந்த தண்ணீர் கூடுதல் ஒட்சிசன் பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும்தான். ஆனால் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், அங்கே வளியமுக்கம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொடுப்பதில் பெரும்பகுதியை உயரம் எடுத்துக்கொள்கிறது.

அழுகிய செடியிலிருந்த போசணை முழுவதும் தண்ணீரிலேயே நிற்கிறது, அடுத்த களைக்குத் தயாராக. கையால் எடுத்தால் போசணை குளத்தை விட்டுப் போகிறது, மருந்தால் கொன்றால் உள்ளேயே தங்குகிறது. மருந்துத் தயாரிப்புகள் சிலவற்றில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள் தலைப்பிரட்டைக்கும் மீன்குஞ்சுக்கும் மருந்தை விடக் கெடுதல். குளத்துக்குக் கீழே யாருடைய பீலி இருக்கிறது என்பதையும் மறக்க முடியாது.

பாசிக்கு மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) கட்டித் தொங்கவிடும் பழக்கமும் இருக்கிறது. செம்பு பாசியைக் கொல்லும், உண்மை. ஆனால் எவ்வளவு செம்பு மீனைக் கொல்லும் என்பது தண்ணீரின் கடினத்தன்மையைப் பொறுத்தது. சுண்ணாம்பு நிறைந்த யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் தாங்கக்கூடிய அளவை, பாறையில் வழிந்து வரும் நம் மென்னீரில் மீன் தாங்காது. எங்கோ படித்த அளவை இங்கே போடுவதில் ஆபத்து அதுதான்.

அல்கா எது என்று தெரிய ஒரு குச்சி போதும். குச்சியில் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி, குச்சியால் சுருட்டியே எடுத்துவிடலாம். குச்சியில் ஏறாமல் பச்சைப் பெயின்ற் கொட்டிய மாதிரிக் கலைந்தால் நீலப்பச்சை அல்காவாக இருக்கலாம். அதன் நஞ்சு ஈரலைப் பாதிக்கும். மாடும் நாயும் அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், மருந்து போட்டுக் கொல்லவும் வேண்டாம். செல் உடைந்தால் உள்ளிருக்கும் நஞ்சு மொத்தமாகத் தண்ணீருக்கு வரும்.

மீனும் வண்டும்

புல்கெண்டை மூழ்கிய களையைத் தின்னும். ஆனால் குளிரில் பசி குறைந்துவிடும், ஆகவே தாழ்வான கினிகத்தேனையில் சரிவருவது உயரமான கந்தப்பளையில் சரிவராது. தின்றதில் பெரும்பகுதி கழிவாகத் தண்ணீருக்கே திரும்புவதால் செடி போய்ப் பச்சைத் தண்ணீர் வருவதும் உண்டு.

சல்வீனியாவைத் தின்னும் இரண்டு மில்லிமீற்றர் வண்டு ஒன்று 1980களில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தாழ்நிலத்தில் நன்றாக வேலை செய்தது. வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் இனப்பெருக்கம் மந்தமாகிவிடும் என்பதால் மேல்மலையில் அதை நம்பியிருக்க முடியாது.

எப்போது இறங்குவது

மலையகத்துக்கு ஒரே பருவம் இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை அடித்து ஊற்றும், வறட்சி ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்டு, மழை ஒக்டோபருக்குப் பிறகு. தண்ணீரை வடித்துச் சேறு அள்ளும் வேலையை அந்தந்தப் பக்கத்து வறட்சியில் வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் இறங்கிய பொசுபரசு அந்தச் சேற்றில்தான் படிந்திருக்கிறது. அள்ளிப் பாத்தியில் போட்டால் பசளைச் செலவும் கொஞ்சம் குறையும்.

கீழே இருப்பவர்கள்

ஆகாயத்தாமரை அழகுச் செடியாக வந்து சில வருடத்திலேயே கைமீறிப் போனதால் 1909 இல் அதைத் தடுக்க இங்கே தனிச் சட்டமே இயற்றினார்கள். சல்வீனியா 1939 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி, 1950களுக்குள் வயல்களை மூடிவிட்டது.

மகாவலியும் களனியும் நம் மலைகளில்தான் தொடங்குகின்றன. ஒரு வீட்டுக் குளம் நிரம்பி வழிந்தால் கான், கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆறு. மீன் தொட்டியில் வளர்த்த செடியைக் கானில் கொட்டுவதும் இதே பாதைதான். மிதக்கும் செடியின் வேரில் குத்தி மூச்சு விடும் மன்சோனியா கொசுக்களும் இருக்கின்றன, அவற்றின் குடம்பி மேலே வராததால் கண்ணில் படாது. மீன் உள்ள குளத்தில் டெங்குக் கொசுவுக்கு இடம் குறைவு, அது தேடுவது கரையில் கிடக்கும் யோகட் கோப்பையையும் உடைந்த வாளியையும். நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் 2007 இல் வந்ததிலிருந்து பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும்போது முதலில் அவற்றைத்தான் தேடுவார்.

வழிந்தோடும் வாயில் கட்டிய வலையைத் துப்புரவு முடிந்ததும் அவிழ்த்துவிடாதீர்கள். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே நிற்கட்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் காலையில் போய், சிக்கிய துண்டுகளைத் தட்டி எடுங்கள். இலைச் சருகு அடைத்துத் தண்ணீர் அணை மேலால் வழிய விட்டால் களை போவதற்கு முன் அணை போய்விடும்.